சார்ஜர் பெட்டிக்காக வாங்கிய கையெழுத்து

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும்,

இப்படியெல்லாம் எழுதுவது பணி ஓய்வு பெற்றவர்களின் வழக்கம். எனக்கு இருபத்தொன்பது வயதுதான் ஆகிறது. ஆனால் இந்தக் கார் விற்கும் தொழிலை விட்டு வெளியே வந்துவிட்டேன், திரும்பிப் போகப் போவதில்லை. அந்த வகையில் நானும் ஓய்வு பெற்றவன்தான். ஈப்போ கிளையில் நான் உட்கார்ந்திருந்த மேசையில் இப்போது உங்களில் ஒருவர் உட்கார்ந்திருப்பீர்கள். அதன் இரண்டாவது லாச்சி பாதியில் சிக்கும். கொஞ்சம் தூக்கி இழுங்கள்.

காரைப் பற்றி உங்களுக்குப் பயிற்சியில் எல்லாம் சொல்லியிருப்பார்கள். சின்ன உடம்பு, உயரமான இருக்கை, முழுக்க மின்சாரம், சத்தமே இல்லை. நல்ல கார்தான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதை உருவாக்கியவர்கள் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் யோசித்திருக்கிறார்கள். ஆனால் காரோடு சேர்த்து ஒரு வீட்டையும் மனத்தில் வைத்துத்தான் உருவாக்கியிருக்கிறார்கள். சொந்தப் பெயரில் பட்டா, முன்னால் கூரை போட்ட இடம், சுவரில் ஒரு சார்ஜர் பெட்டி மாட்ட வசதி. அந்த வீடு எல்லாரிடமும் இருக்கும் என்று விற்பனைப் படிவமும் நம்புகிறது. நானும் அந்தப் படிவத்தை நம்பினேன். வேறு யாராவது நம்பியிருந்தால் மன்னிக்கலாம். நான் லயத்தில், பட்டா இல்லாத தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன்.

தேவி அக்கா வந்தது ஒரு சனிக்கிழமை காலை. தாப்பாவில் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையை எடுத்து நடத்துகிறவர். கோப்பெங்கிலிருந்து உள்ளே போகிற ஒரு பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில் வீடு. தினமும் விடிவதற்குள் கிளம்பி, தட்டுகளையும் குழம்புப் பானைகளையும் ஏற்றிக்கொண்டு தாப்பாவுக்குப் போக வேண்டும். பழைய கார் பாதி வழியில் நின்று, பிள்ளைகள் இரண்டு முறை பசியோடு வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். கூடவே ஒரு பெரியவர் வந்திருந்தார். அவருடைய தாய்மாமா, காளிமுத்து. ஒரு காலத்தில் தோட்டத்து லாரி ஓட்டியவர், இப்போது அந்த லயத்துக் கோவிலுக்குத் தலைவர். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன்பக்க மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார்.

“என்னா தம்பி இது, உள்ள ஒண்ணையுமே காணோம்? எஞ்சின எவனும் களட்டிட்டுப் போய்ட்டானா?”

“இதுல எஞ்சின் இல்ல மாமா. மோட்டார்தான்.”

“அரிசி அரைக்கிற மிசின்லயும் மோட்டார்தான் இருக்கு. அதுல ஏறி நான் மலைக்குப் போவனா?”

அக்காவின் மூத்த மகள் கேமரன் மலையில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். மலை ஏறினால்தான் எடுப்பது என்று முடிவாயிற்று. நான் மறுநாளே ஏறிக் காட்டுகிறேன் என்றேன். அந்த வேகத்தில் ஒரு தப்புச் செய்தேன். காட்சிக் காரை இரவு முழுக்கச் சார்ஜில் போடாமல் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தாப்பாவில் மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் பார்த்தால் பேட்டரி ஐம்பத்தெட்டு சதம்தான் காட்டுகிறது. திரும்பிவிடலாம், ஏதாவது காரணம் சொல்லலாம். நான் வண்டியை ஓரம் கட்டி, நடந்ததைச் சொன்னேன். “நேத்து ராத்திரி நான் சார்ஜ் போட மறந்துட்டேன். என் தப்பு. மேல போகையில வேகமா இறங்கும், பயமா இருக்கும். ஆனா போய்ச் சேந்துரும், வாரப்ப எறக்கத்துல சார்ஜ் கொஞ்சம் திரும்ப ஏறும்.”

மாமா பின்னாலிருந்து, “சேரலன்னா?”

“சேரலன்னா நான் தள்ளுறேன் மாமா.”

“நீ தள்ளு, நான் உள்ள உக்காந்து ஸ்டேரிங் புடிக்கிறேன். லாரி ஓட்டுனவன்லா நானு.”

ஒவ்வொரு வளைவிலும் எண் குறைந்தது. நாற்பதுக்குக் கீழே போனதும் மாமா பின்னாலிருந்து தலையை நீட்டி எண்ணைப் பார்க்கத் தொடங்கினார். மேலே போய்ச் சேர்ந்தபோது இருபத்தொன்று. இறங்கி வருகையில் மாமா எண்களை உரக்க எண்ணிக்கொண்டே வந்தார், இருபத்திரண்டு, இருபத்துமூணு என்று, யாரோ கோல் போடுவதைப் போல. தாப்பாவுக்கு வந்தபோது இருபத்தாறு. இறங்கும்போது என் தோளில் தட்டி, “கார பத்தி எனக்குத் தெரியாது. ஆனா இவன் பொய் சொல்லல தேவி. இவன்கிட்டயே எடு” என்றார்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையினால்தான் பின்னால் நடந்ததெல்லாம் நடந்தது.

கார் உறுதியான பிறகு வீட்டுச் சார்ஜர் வேலை வந்தது. அந்த மாதம் முன்பதிவு செய்தவர்களுக்குப் பெட்டி இலவசம். கம்பி இழுக்கும் எலக்ட்ரிசியன் போய்ப் பார்த்துவிட்டு, லயத்துக்கு வருகிற பழைய கம்பி தாங்காது, மின்கம்பத்திலிருந்து புதிதாக இழுக்க வேண்டும், அதற்கு நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார். தோட்டம் எப்போதோ கைமாறி, வீடு கட்டி விற்கிற ஒரு நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனத்துக்கு அக்கா ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். அது போனதற்கான அத்தாட்சியோடு நம் படிவம் வெள்ளிக்கிழமைக்குள் தலைமையகத்தில் இருந்தாக வேண்டும். இருந்தால்தான் பெட்டி இலவசம், விற்பனையும் அந்த மாதக் கணக்கில் ஏறும். வெள்ளிக்கிழமைதான் மாதத்தின் கடைசி நாள்.

அன்று புதன்கிழமை.

இப்போது அந்த லயத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே யாரும் எந்தத் தாளிலும் தனியாகக் கையெழுத்துப் போட மாட்டார்கள். அரசாங்கத் தாளோ கம்பெனித் தாளோ, எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் உரக்கப் படிக்க வேண்டும். மலாயில் இருந்தால் தமிழில் சொல்ல வேண்டும். ஒருவருக்குப் புரியவில்லையென்றாலும் மறுபடி முதலிலிருந்து. பிறகு எல்லாரும் போடுவார்கள், அல்லது ஒருவரும் போட மாட்டார்கள். இருபத்திரண்டு வீட்டுக்காரர்கள், தோட்டத்தில் இத்தனை காலம் உழைத்ததற்காக, அங்கேயே மாற்று வீடு கேட்டு அந்த நிறுவனத்தோடு பல வருடங்களாகப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு உடையாமல் நின்றதற்கு இந்த வழக்கம்தான் காரணம்.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு வழக்கம் இல்லை. அதனால்தான் என் அப்பா, சம்பளத் தாளோடு சேர்த்து நீட்டிய இன்னொரு தாளில் பெருவிரலை வைத்தார். அது வீட்டைக் காலி செய்யச் சம்மதிக்கும் தாள். அப்போது நான் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தாளை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக மேலே படித்தேன், டிப்ளோமா வாங்கினேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் மலாயில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் மலாய் வக்கீல் அலுவலகத்து மலாய் மாதிரி இருக்கும் என்று சொல்லுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

எங்கள் மேனேஜர் அண்ணன் ஈப்போவில் பரம்பரையாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தவர். மிரட்டத் தெரியாத மனிதர். அன்று மத்தியானம் என் மேசைக்கு வந்து, “உன் ஆறாவது கார் இது. ஆறும் கணக்குல ஏறிருச்சுன்னா இந்த மாசம் நம்ம கிளை தலைநிமிந்துரும். சூராட் என்னாச்சு?” என்றார். சூராட் என்றால் கடிதம்.

“ஞாயித்துக்கிழமை மண்டபத்துல படிச்சாத்தான் கையெழுத்துப் போடுவாங்கண்ணே.”

“ஞாயித்துக்கிழமைன்னா அடுத்த மாசம்லா.” சற்று நின்றார். “சரி, நீ பாத்துக்க. உனக்குத் தெரியாததா?”

அவ்வளவுதான் அவர் சொன்னது. அவர் மேல் பழி போட எனக்கு வழியில்லை.

அரை மணி நேரத்தில் விண்ணப்பத்தை எழுதினேன். நில நிறுவனம் உடனே சம்மதிக்க வேண்டும், இழுத்தடிக்கக் கூடாது. அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்தேன். அதற்கு முன் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு இதே மாதிரி எழுதியிருந்தேன். கார் நிறுத்துமிடத்தின் மேல் உரிமை கோர மாட்டேன் என்று கட்டட நிர்வாகத்தார் ஒரு வரி கேட்டார்கள், சேர்த்ததும் மறுநாளே அனுமதி வந்தது. அந்த வரியை எடுத்து, இன்னும் கொஞ்சம் மெருகேற்றி இதில் வைத்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘நான் நிறுவனத்தின் அனுமதியின் பேரில் மட்டுமே இங்குக் குடியிருக்கிறேன். இந்த வீட்டின் மேலும் நிலத்தின் மேலும் எனக்கு எந்த உரிமையும் இல்லை, இனியும் கோர மாட்டேன்.’

யாரும் கேட்காத வரி அது. நானே வைத்தேன்.

வியாழக்கிழமை தாப்பாவில் அக்காவின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இடைவேளை மணி அடிக்கப் போகிற நேரம். அக்கா கையில் கரண்டியோடு வந்தார்.

“மாமா கிட்ட காட்டுனியா தம்பி?”

“இது வெறும் சார்ஜர் பேப்பர்தான்க்கா. வீட்டு விசயம் ஒண்ணும் இல்ல. நாளைக்குள்ள போகலன்னா பெட்டி கெடைக்காது.”

“மண்டபத்துல படிக்காம போட்டா மாமா ஏசும்.”

“நாந்தான எழுதிருக்கேன்.”

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அக்கா ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “மலையிலயே உண்மையச் சொன்ன பிள்ள நீ” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. நான் படித்துக் காட்டவுமில்லை. தாளில் ஒரு மூலையில் சாம்பார் விரல் பட்டுவிட்டது. அதை அழிக்க மட்டும் கவனமாக இருந்தேன்.

அன்று நான் என்ன செய்திருக்கலாம் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். காரைக் கொடுத்துவிட்டு, பெட்டி அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கலாம். கோப்பெங்கில் பொது சார்ஜர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே மண்டபத்துக்குப் போய்ப் படித்திருக்கலாம். அந்த வரி வந்ததும் மாமா நிறுத்தச் சொல்லியிருப்பார். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். பொறுத்திருந்தால் அக்காவுக்குப் பெரிதாக ஒன்றும் போயிருக்காது. எனக்கு அந்த மாதக் கணக்கில் ஆறாவது கார் போயிருக்கும்.

பத்து நாளில் சம்மதம் வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வந்ததை என் எழுத்தின் வெற்றி என்று நினைத்தேன். புதுக் கம்பி வந்தது, பெட்டி சுவரில் ஏறியது. கோவில் வாசலில் காருக்கு மாலை போட்டு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாமா, “பெட்ரோல் இல்லாத காருக்கும் எலுமிச்சம்பழம் வேணும்லா” என்றார். எனக்கு இரண்டு தடவை பாயசம் ஊற்றினார்கள்.

ஐந்து மாதம் கழித்து, காட்சிக் கூடத்தில் ஒரு சீனத் தம்பதிக்குக் கார் காட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. வழக்கமாக முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பவர் அன்று கேட்கவில்லை.

“தம்பி, அந்தச் சூராட்ல என்னா எழுதுன?”

“எந்தச் சூராட்க்கா?”

“என் பேருல நீ எழுதுனது. இன்னைக்குப் பேச்சுவார்த்தையில எடுத்து மேசையில வச்சாங்க. எனக்கு உரிமையே இல்லன்னு நானே எழுதிக் குடுத்திருக்கனாம். அதுல என் கையெழுத்து இருக்கு.” பின்னால் பல குரல்கள் கேட்டன. “நான் இல்லைன்னு சொன்னேன் தம்பி. எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டுச் சொன்னேன். அப்புறம் எங்க வக்கீல் அத வாங்கிப் படிச்சுக் காட்டுனாரு.”

நான் கணினியைத் திறந்து அந்தக் கோப்பைப் பார்த்தேன். நல்ல மலாய். ஒரு பிழை இல்லை.

நில நிறுவனம் சொன்னது இதுதான். இருபத்தொரு வீட்டுக்கு மாற்று வீடு பற்றித் தொடர்ந்து பேசலாம். எழுதிக் கொடுத்துவிட்ட அந்த ஒரு வீட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒருவர் எழுதியது அங்கே குடியிருக்கும் எல்லாருடைய நிலையும்தான் என்று வாதாடுவார்கள். அதாவது லயத்தார் அக்காவை விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவரோடு சேர்ந்து எல்லாரும் இழக்க வேண்டும். இத்தனை வருடம் யாராலும் பிரிக்க முடியாத வரிசையைப் பிரிக்க நான்தான் கத்தியைத் தீட்டிக் கொடுத்திருந்தேன்.

லயத்தாரின் வக்கீல் ஒரு வழி சொன்னார். அந்த வரியை எழுதியது நான், அக்காவுக்கு அது வாசித்துக் காட்டப்படவில்லை, விற்பனை அவசரத்தில் கையெழுத்து வாங்கப்பட்டது என்று நான் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கலாம். “உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. கொஞ்சம் உதவலாம்” என்றார்.

மேனேஜர் அண்ணனிடம் சொன்னேன். என்னை வெளியே அழைத்துப் போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

“கம்பெனித் தாள்ல எழுதினியா?”

“இல்லண்ணே. வெறுந்தாள்.”

“அப்ப நமக்குச் சம்பந்தம் இல்லன்னு மேல சொல்லுவாங்க. நீ விற்பனை அவசரம்னு எழுதிக் குடுத்தா, சம்பந்தம் வந்துரும். உன்ன வச்சுக்க மாட்டாங்க.” கிளாசைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அன்னைக்கு நான் வந்து கேக்காம இருந்திருக்கணும்.”

“நீங்க ஒண்ணும் சொல்லலண்ணே.”

“அதான்லா. ஒண்ணும் சொல்லல.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்துக்குப் போனேன். கோப்பெங்கில் பேருந்தை விட்டு இறங்கி, ஒரு மோட்டார்சைக்கிள்காரரிடம் கேட்டுப் பின்னால் ஏறிப் போனேன். வக்கீலிடம் நேரே போய்க் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் தாள் என்றால் அங்கே முதலில் படிக்க வேண்டும். பூசை முடிந்து ஆண்களும் பெண்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முன்பு எனக்குப் பாயசம் ஊற்றியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா தூணோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

காளிமுத்து மாமா, “படி” என்றார்.

என் பிரமாணத்தை மலாயில் படித்தேன், பிறகு தமிழில் சொன்னேன். அந்த வரி வந்தபோது ஒரு பெண், “அத மறுபடி படி” என்றார். படித்தேன். இன்னொருவர் புரியவில்லை என்றார். முதலிலிருந்து படித்தேன். நான்கு முறை படித்தேன்.

மாமா கேட்டார், “இந்த வார்த்தைய எழுதச் சொன்னது யாரு? அவனுங்களா?”

“இல்ல மாமா. யாரும் சொல்லல. நானாத்தான் எழுதினேன்.”

“எதுக்கு?”

“சீக்கிரம் சம்மதம் வரணும்னு.”

“மலையில தப்ப நீயே சொன்னியே தம்பி,” என்றார். குரலில் கோபம் இல்லை. “அன்னைக்கு வண்டி ஏறுறதுக்கு முன்னாலயே சொன்ன. இத இப்ப சொல்ற.”

பேனாவை எடுத்தேன். பழக்கத்தில் தாளை அடுத்தவர் பக்கம் நகர்த்தப் போனேன், எல்லாரும் போடுகிற இடமாயிற்றே என்று. மாமா தாளின் மேல் கையை வைத்தார்.

“இதுல நாங்க போட முடியாது. இது நீ மட்டும் போடுறது.”

அந்த மண்டபத்தில் ஒருவன் தனியாகப் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

லயத்தார் அக்காவை விட்டுக்கொடுக்கவில்லை. இருபத்திரண்டு வீடும் ஒன்றாகத்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது இருபத்திரண்டு வீட்டுக்கும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. என் தாளையும் அக்காவின் தாளையும் ஒரு நீதிபதி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எது நிற்கும் என்று வக்கீலிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அவர் பேச்சை மாற்றினார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது சின்ன விசயம். படிவத்தில் ‘வீட்டில் சார்ஜ் வசதி உண்டா’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போடுவதற்கு முன் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். அங்கே இருப்பவர்கள் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற நாள்வரை காத்திருங்கள். வாடிக்கையாளர் உங்களை நம்புகிறார் என்று தெரிந்தால் இரண்டு மடங்கு காத்திருங்கள்.

அன்று மண்டபத்திலிருந்து கிளம்பியபோது மழை வரும்போலிருந்தது. தேவி அக்கா, “ஏறு, பஸ் எடுக்கிற எடத்துல விடுறேன்” என்றார். ஏறிக்கொண்டேன். ரப்பருக்குப் பதிலாக நட்ட செம்பனை மரங்களுக்கு நடுவே கார் போனது. சத்தமே இல்லாததுதான் இந்தக் காரின் பெரிய சிறப்பு என்று எத்தனையோ பேரிடம் சொல்லி விற்றிருக்கிறேன். அன்று ஏதாவது ஒரு சத்தம் இருந்திருக்கலாம் என்று பட்டது. காரின் திரையில் பதினாறு சதம் காட்டியது.

“சார்ஜ் கம்மியா இருக்கேக்கா,” என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

“கோப்பெங்ல போட்டுக்குவேன். ஒரு மணி நேரம் உக்காந்திருந்தா ஏறிரும்.”

“வீட்டுல பெட்டி கெட்டுப்போச்சா?”

அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பெட்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. அதுல போட்டா ஒரு பச்ச வெளக்கு எரியும்லா. எதுத்த வீட்டுலேருந்து பாத்தா தெரியும்.”